அந்த லைட் மேல ஒட்டின கறுப்பு டேப்

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் எல்கேஜி முதல் ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். பரீட்சைக்கு வெளியே தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க. சரியா இருந்தா எங்க அம்மாவைப் பாராட்டுங்க.

எழுத வந்தது எஞ்சின் பத்தி. சரியாச் சொன்னா, உடைஞ்சுபோன ஒரு எஞ்சின் பத்தி.

2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித்குமார் டீம் அவங்க பிரிவுல மூணாவது இடம் பிடிச்சது ஞாபகம் இருக்கும். அன்னைக்கு எங்க ஹாஸ்டல்ல விசில் அடிச்சவங்கள்ல முக்கால்வாசி பேர் அதுக்கு முன்னாடி ஒரு எண்டூரன்ஸ் ரேஸ்கூட பார்த்ததில்லை. நானும்தான். ஆனா மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் ஆளாச்சே, எல்லாம் தெரிஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போ ஒரு ஜூனியர் கேட்டான்: "அண்ணா, பைக்கை அரை மணி நேரம் முறுக்கினாலே சூடாகுதே, அந்த போர்ஷே எஞ்சின் எப்படிண்ணா 24 மணி நேரம் தாங்குது?"

எனக்கு பதில் தெரியலை. "அதெல்லாம் ஜெர்மன் டெக்னாலஜிடா"ன்னு சொல்லி சமாளிச்சேன். ராத்திரி லேப்டாப்பைத் திறந்து தேட ஆரம்பிச்சவன், விடிஞ்சப்புறம்தான் மூடினேன்.

தேடினதுல முதல்ல கிடைச்சதே ஒரு தோல்விக் கதை. ரோட்டுல ஓட்டுறதுக்காக போர்ஷே விக்கிற 911 ஜிடி3 காரோட 2014 மாடல். 3.8 லிட்டர், 6 சிலிண்டர், 475 குதிரைத்திறன், 9000 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தும். அதுல ரெண்டு கார் தீப்பிடிச்சு எரிஞ்சுது. என்ன காரணம்னு பார்த்தா, கனெக்டிங் ராடைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருக்கு. ராட் கழண்டு கிராங்க் கேஸை உடைச்சு, வெளிய கொட்டின ஆயில் பத்திக்கிச்சு. எரிஞ்சது ரெண்டே கார்தான். ஆனா கம்பெனி அந்த மாடல் கார்கள் 785-க்கும் "ஓட்டாதீங்க, நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டு, அத்தனைக்கும் புது எஞ்சினே மாத்திக் கொடுத்துச்சு.

ஒரு சின்ன ஸ்க்ரூ எப்படி இவ்வளவு பண்ணுதுன்னு கேக்கலாம். செகண்ட் இயர்ல நாம தூங்கிக்கிட்டே கவனிச்ச டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி க்ளாஸ்ல பதில் இருக்கு. அந்த எஞ்சினோட ஸ்ட்ரோக் 77.5 மில்லிமீட்டர். 9000 ஆர்பிஎம்ல ஒரு பிஸ்டன் ஒரு செகண்டுக்கு 150 தடவை மேல போய் 150 தடவை கீழ வருது. ஒவ்வொரு தடவையும் உச்சியில நின்னு திரும்பணும். அந்தத் திருப்பத்துல அதோட முடுக்கம் புவியீர்ப்பைப் போல 4000 மடங்குக்கு மேல. அதாவது அரைக் கிலோ எடையுள்ள ஒரு பொருள் அந்த ஒரு நொடித்துளியில ரெண்டு டன் மாதிரி இழுக்கும். இழுபடுறது அந்த ஸ்க்ரூதான்.

இதுல இன்னொரு விஷயம், இந்த இழுவிசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும். 3000-ல இருந்து 9000-க்குப் போனா வேகம் மூணு மடங்கு, பாரம் ஒன்பது மடங்கு. எங்க தாத்தா கிணத்து மேட்டுல வச்சிருந்த ஆயில் எஞ்சின் எத்தனையோ வருஷம் ஓடுச்சு. அது 1500 ஆர்பிஎம்ல டக்கு டக்குன்னு நிதானமா ஓடின வண்டி. சின்னத் தப்பை அது மன்னிச்சுடும். ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்ல மன்னிக்கிறதுக்கு இடமே விட்டு வைக்கிறதில்லை. எடையைக் குறைச்சு, ஆர்பிஎம்மை ஏத்தி, எல்லாத்தையும் விளிம்புல கொண்டுபோய் நிறுத்தித்தான் அந்தப் பவர் வருது.

இதெல்லாம் படிச்சு எனக்கு எஞ்சின் பைத்தியம் பிடிச்சுது. எங்க காலேஜ் ஃபார்முலா ஸ்டூடண்ட் டீம்ல சேர்ந்தேன். ஃபைனல் இயர்ல பவர்ட்ரெய்ன் ஹெட் ஆனேன். எஞ்சினுக்கு நான்தான் பொறுப்பு.

எங்க கார்ல இருந்தது ஒரு பழைய பைக்கோட சிங்கிள் சிலிண்டர் எஞ்சின். பைக் எஞ்சினைக் கார்ல வைக்கிறதுல ஒரு வில்லங்கம் உண்டு. பைக் வளைவுல சாயும். அதனால உள்ள இருக்கிற ஆயிலும் வண்டியோட சேர்ந்தே சாஞ்சு, சம்ப்போட அடியிலேயே நிக்கும். கார் அப்படிச் சாயாது. பாபநாசத்துல இருந்து காரையார் போற பஸ்ல பாதி தண்ணியோட ஒரு பக்கெட்டை வச்சுப் பாருங்க. ஒவ்வொரு வளைவுலயும் தண்ணி ஒரு பக்கமா ஏறும். ரேஸ் கார்ல அது இன்னும் மோசம். பக்கவாட்டு விசை 1 ஜி வந்தா, ஆயில் மட்டம் 45 டிகிரி சாஞ்சு நிக்கும். ஆயிலை உறிஞ்சுற குழாய் காத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒண்ணையொண்ணு தொடாம இருக்கிறது நடுவுல இருக்கிற ஆயில் படலத்தால. அதோட தடிமன் சில மைக்ரான்தான், தலைமுடியை விட ரொம்ப ரொம்ப மெலிசு. அந்தப் படலம் போச்சுன்னா உலோகம் உலோகத்தோட உரசும். அப்புறம் நடக்கிறதுக்கு நிமிஷக் கணக்குகூட வேண்டாம்.

இதுக்குத் தீர்வு எல்லாருக்கும் தெரியும். ஜிடி3 மாதிரி கார்கள்ல ட்ரை சம்ப், அதாவது ஆயிலுக்குத் தனி டேங்க். நம்ம பட்ஜெட்டுக்கு சம்ப்புக்குள்ள தடுப்புத் தகடு வெல்டு பண்ணி, குழாயைச் சுத்தி ஆயிலைத் தேக்கி வச்சாப் போதும். எங்க சீனியர்ஸ் ஒரு தகடு வச்சிருந்தாங்க. நானும் அதையே நம்பினேன்.

டிசம்பர்ல டெஸ்டிங். க்ரவுண்டுல கோன் வச்சு வட்டம் போட்டோம். இடது பக்கம் நீளமா வளைக்கும்போது ஆயில் பிரஷர் லைட் மினுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சுது. திரும்ப வட்டம், திரும்ப மினுக்கு. வலது பக்கம் சுத்தினா எரியலை.

இந்த இடத்துல நீங்க எல்லாரும் கண்டுபிடிச்சிருப்பீங்க. இடது வளைவுல மட்டும் எரியிற லைட் என்ன சொல்லுதுன்னு மேல நானே எழுதிட்டேனே. எனக்கும் அன்னைக்கே தெரியும். ஆனா சம்ப்பைக் கழட்டி, தகடு மாத்தி, திரும்ப மாட்ட நாலு நாள் ஆகும். போட்டிக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு. சஸ்பென்ஷன் டீம் ஏற்கெனவே என் மேல கடுப்புல இருந்தாங்க. நான் புது ஆயில் ஸ்விட்ச் வாங்கி மாத்தினேன். அப்புறமும் மினுக்குச்சு. "வைப்ரேஷன்ல லூஸ் காண்டாக்ட், டிரைவருக்குத் தொந்தரவு"ன்னு டீம்ல சொல்லிட்டு, லைட் மேல ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினேன்.

யாரும் கேள்வி கேக்கலை. எஞ்சின் ஹெட் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினாங்க.

ஜனவரியில கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே, ஃபார்முலா பாரத். மாருதி 800 எஞ்சினை வச்சு ஒத்தை சீட் ரேஸ் கார்களை உருவாக்கின கரிவர்தன் பேர்ல இருக்கிற டிராக். அங்க காரை இறக்கினப்போ எங்க டீம்ல பாதிப் பேருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கடைசி நாள் எண்டூரன்ஸ். சுமார் 22 கிலோமீட்டர், பாதியில டிரைவர் மாறணும்.

எங்க ரெண்டாவது டிரைவர் என் ரூம்மேட். ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே டீம்ல இருக்கிறான். வெல்டிங், வயரிங், ஸ்பான்சருக்காக டவுன் கடை கடையா ஏறி இறங்கினதுன்னு எல்லாம் பண்ணினவன். போட்டியில ஒரு தடவைகூட ஓட்டினதில்லை. இந்த வருஷம்தான் சான்ஸ். ஹெல்மெட்டை மாட்டி, க்ளவுஸ் போட்டு, டிரைவர் மாத்துற இடத்துல நின்னுக்கிட்டிருந்தான்.

ஒன்பதாவது லேப்ல கடகடன்னு ஒரு சத்தம் கேட்டுது. அடுத்த வளைவுல எஞ்சின் இறுகி நின்னுருச்சு. இடது வளைவு. டிரைவர் மாத்த இன்னும் ரெண்டு லேப் இருந்துச்சு.

அவன் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கலை.

ஊருக்கு வந்து எஞ்சினை வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். அங்க ஒரு மெக்கானிக் அண்ணாச்சி, எங்க டீமுக்கு பல வருஷமா உதவி பண்றவர். பிரிச்சார். பிக் எண்ட் பேரிங் உருகி, கிராங்க் நீலமாக் கறுத்திருந்துச்சு. அவர் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"ஏலே, லைட்டு எரியலையா?"

"எரிஞ்சுச்சு அண்ணாச்சி."

"எரிஞ்சதுக்கு என்ன செஞ்ச?"

சொன்னேன். அவர் சத்தம் போடலை. துணியில கையைத் தொடச்சுக்கிட்டே, "அது வாயத் தொறந்து சொல்லிருக்கு. நீ அது வாயப் பொத்திட்ட. பொறவு எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்த?"ன்னார். அவ்வளவுதான்.

அடுத்து டீம் ரிப்போர்ட் எழுதணும். எங்க ஜூனியர்ஸ் அடுத்த வருஷம் அதைப் படிச்சுத்தான் வேலை பண்ணுவாங்க. நான் எழுதினது: "ஆயில் பற்றாக்குறையால் பேரிங் சேதம். எச்சரிக்கை விளக்கு சரியாக இயங்கவில்லை." முதல் வரி உண்மை. ரெண்டாவது வரி பச்சைப் பொய். விளக்கு அதோட வேலையை ஒழுங்காத்தான் பண்ணுச்சு.

அந்த ரிப்போர்ட் ஒரு மாசம் அப்படியே கிடந்துச்சு. ஒரு நாள் நாகர்கோவில்ல ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ல போனேன். பணகுடி தாண்டினா வலது பக்கம் மகேந்திரகிரி தெரியும். இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களை எரிச்சுப் பார்க்கிற இடம் நம்ம மாவட்டத்துல, அந்த மலையடியிலதான் இருக்கு. ககன்யானுக்காக சிஇ-20 எஞ்சினை மனுஷங்களை ஏத்துற அளவுக்குத் தகுதிப்படுத்தினப்போ, 4 எஞ்சின், 39 சோதனை, மொத்தம் 8810 செகண்ட் எரிச்சாங்க. கட்டாயம்னு வச்சிருந்தது 6350 செகண்ட்தான். அதுக்கெல்லாம் முன்னாடி, 2010 ஏப்ரல் 15-ல வேறொரு உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினோட போன ஜிஎஸ்எல்வி தோத்துச்சு. எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்னுபோச்சு. என்ன நடந்துச்சுன்னு குழு போட்டு ஆராய்ஞ்சு, முடிவை நாடு முழுக்கக் கேக்கிற மாதிரி சொன்னாங்க. 2014 ஜனவரியில அதே வகை எஞ்சின் ஜெயிச்சுது.

ரெண்டு கார் எரிஞ்சதுக்கு 785 எஞ்சின் மாத்தினவங்களையும், பம்ப் நின்னதை ஊருக்கே சொன்னவங்களையும் நினைச்சுப் பார்த்தேன். எஞ்சின் யார் பண்ணினாலும் உடையும். அவங்க உடைஞ்சதை உடைஞ்சதுன்னு சொன்னாங்க, அதனால அடுத்தது ஓடுச்சு. நான் எழுதின ரிப்போர்ட்டைப் படிக்கிற ஜூனியர் என்ன பண்ணுவான்? இன்னும் நல்ல ஸ்விட்ச் வாங்குவான். அவன் எஞ்சினும் இடது வளைவுல நிக்கும்.

கல்யாணம் முடிஞ்சு வந்த அன்னைக்கு சாயங்காலம் ரூம்மேட்டைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆத்துல தண்ணி கம்மியா ஓடிக்கிட்டிருந்துச்சு. படித்துறையில உட்கார்ந்து டேப் விஷயத்தைச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டான்: "நாலு நாள்தானல மாப்ள? நான் ராத்திரி உட்கார்ந்து கழட்டிருப்பேம்லா. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. இன்னும் இல்லை. திரும்பி வரும்போது பைக்கை அவன்தான் ஓட்டினான். ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு நாள் கழிச்சு மெஸ்ல எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வச்சான். அதை நான் என்னன்னு எடுத்துக்கிறதுன்னு தெரியலை. எடுத்துச் சாப்பிட்டேன்.

ரிப்போர்ட்டை மாத்தி எழுதிட்டேன். டேப் ஒட்டின தேதியோட, என் பேரோட இருக்கு. ஜூனியர்ஸ், அதைத் தேடிப் படிங்க. அதுக்கு முன்னாடி இந்த நாலும் மட்டும்:

சம்ப்பைத் திறந்து தடுப்புத் தகட்டைப் புதுசாப் பண்ணுங்க, இடது வலது ரெண்டு பக்கத்துக்கும். வெறும் லைட்டோட நிறுத்தாம ஆயில் பிரஷரை டேட்டா லாகர்ல பதிவு பண்ணுங்க. பிரஷர் விழுந்தா எஞ்சின் தானா அணையிற மாதிரி வயரிங் பண்ணுங்க, அப்போ யாராலயும் டேப் ஒட்ட முடியாது. நாலாவது, எஞ்சின் ஹெட் "ஒண்ணுமில்லை, சென்சார்தான்"னு சொன்னா நம்பாதீங்க. எப்படித் தெரியும்னு கேளுங்க.

என்கிட்ட யாராவது கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.