மறுக்கவும் தெரிய வேண்டும்

திங்கள்

கணித நிரூபணங்களைக் கணினியில் சரிபார்க்கும் லீன் நிரூபிப்பானின் புதிய பதிப்புக்கு எங்கள் நிரூபண நூலகத்தை மாற்றும் வேலை இன்று தொடங்கியது. நிரூபணங்கள் எல்லாம் தேறிவிட்டன. தோற்று நிற்பவை வெளியீட்டுச் சோதனைகள் மட்டுமே. ஒரு கட்டளை, அதற்கு நிரூபிப்பான் சொல்ல வேண்டிய பதில்: இவ்வளவுதான் ஒரு சோதனை. லீனின் சொந்தச் சோதனைகள் பலவற்றில் அந்தப் பதில் பக்கத்திலேயே தனிக் கோப்பாக இருக்கும். நாங்கள் அதைக் கட்டளைக்கு மேலேயே எழுதி, ‘#கார்ட்_எம்எஸ்ஜிஎஸ்’ கொண்டு காவல் வைக்கிறோம்.

நிரூபணம் சரியா என்று பார்க்கக் கெர்னல் இருக்கிறது. ஆனால் நிரூபிப்பான் மனிதரிடம் என்ன சொல்கிறது என்பதைக் கெர்னல் பார்ப்பதில்லை. இன்னும் நிறுவ வேண்டியது என்று தப்பான ஒன்றைத் திரையில் காட்டினாலும் அதற்குத் தெரியாது. அதை நம்பி மணிக்கணக்கில் போராடும் மாணவர்தான் அவதிப்படுவார். இந்தச் சோதனைகள் அவருக்காக.

செவ்வாய்

தோற்றவற்றில் பெரும்பாலானவை எண் மாறியதால் தோற்றவை. இன்னும் விடை தெரியாத இடங்களுக்கு லீன் தானாகவே ஓர் எண் கொடுத்து அச்சிடும். உள்ளே எங்கோ ஒரு வரி மாறினாலும் அந்த எண் நகர்ந்துவிடும். எண்ணை அச்சிடாமல் வெறும் கேள்விக்குறியோடு விடவும் ஒரு விருப்பத்தேர்வு உண்டு. இந்தச் சோதனைகளிலெல்லாம் அதைச் சேர்த்தேன்.

பயனருக்கு நாம் வாக்குக் கொடுக்காத ஒன்றைச் சோதனை எதிர்பார்க்கக் கூடாது. காரணமில்லாமல் அடிக்கடி தோற்கும் சோதனையை நாளடைவில் யாரும் படிக்க மாட்டார்கள்.

புதன்

இன்று ஒரு சோதனையில்தான் வெகுநேரம் நின்றேன். இயல் எண்கள் பற்றிய சின்னத் தேற்றம் அது. எந்தெந்த அடிகோள்களை நம்பி நிற்கிறது என்று கேட்டால், முன்பு ‘ப்ராப்எக்ஸ்ட்’ ஒன்றைத்தான் சொல்லும். இன்று ‘கிளாசிக்கல்.சாய்ஸ்’ என்பதும் கூட வந்திருந்தது. ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும், அதைக் கண்டடையும் வழியைச் சொல்லாமலே கையில் எடுத்துக்கொள்ள இந்த அடிகோள் இடம் கொடுக்கும். கணிதர்களில் பெரும்பாலோர் இதைத் தயங்காமல் ஏற்பார்கள். ஆனால் இது இல்லாமலே நிறுவியிருக்கிறோம் என்று நூலகத்தின் இந்தப் பகுதியில் எழுதி வைத்திருக்கிறோம்.

தேற்றமும் சரி, நிரூபணமும் சரி. நிரூபணத்தைத் தேடித் தரும் தானியங்கி உத்தி புதிய பதிப்பில் வேறு வழியாகப் போயிருக்கிறது, அவ்வளவே. எடிட்டரில் ஒரு சொடுக்குப் போதும். பழைய பதிலின் இடத்தில் புதிய பதில் உட்கார்ந்துவிடும், சோதனை தேறிவிடும், நாங்கள் எழுதி வைத்தது பொய்யாகிவிடும். அந்த உத்தியை விட்டு, தொகுத்தறி முறையில் கையாலேயே நிரூபணத்தை மீண்டும் எழுதினோம். பட்டியல் பழையபடி ஆனது.

வியாழன்

தோற்க வேண்டியவை தோற்கின்றனவா என்று பார்க்கும் நாள். இரண்டும் இரண்டும் ஐந்து என்று கொடுத்து ‘டிசைட்’ உத்தியை ஏவினால், அந்தக் கூற்று பொய் என்று லீன் சொல்ல வேண்டும். சொல்லியது.

எல்லாவற்றையும் ஏற்கும் நிரூபிப்பானால் யாருக்கும் பயனில்லை. 1984-இல் பிரான்சில் தொடங்கி, காக் என்று அறியப்பட்டு, 2025-இல் ராக் எனப் பெயர் மாறிய நிரூபிப்பானில் இதற்கென்றே ‘ஃபெயில்’ என்ற கட்டளை உண்டு. அடுத்து வரும் கட்டளை தோற்றால்தான் இது தேறும். ராக்கின் கெர்னலில்கூட சராசரியாக ஆண்டுக்கு ஒரு கடுமையான பிழை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அவற்றை அதன் குழு வெளிப்படையாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. திருத்திய பிழைகளுக்கான சோதனைகள் தொகுப்பில் தங்கிவிடுகின்றன. ஒருகாலத்தில் பொய்யை நிறுவிய நிரல், இனி எப்போதும் மறுக்கப்பட வேண்டிய நிரலாக அங்கே காவல் இருக்கும். ஆக்டா என்ற இன்னொரு நிரூபிப்பானிலும் தோற்க வேண்டிய நிரல்களுக்குத் தனி அடைவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய பிழைச்செய்தி பக்கத்திலேயே இருக்கும்.

வெள்ளி

எல்லாம் தேறிவிட்டன. எதிர்பார்க்கும் பதிலை எங்கெல்லாம் மாற்றினோமோ, அங்கெல்லாம் காரணத்தை ஒரு வரியில் எழுதினேன். காரணம் எழுத முடியாத மாற்றத்தைச் சேர்ப்பதில்லை என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. வேலை மெதுவாகும், ஆகட்டும். நிரூபிப்பான் ‘சரி’ என்று சொன்ன பிறகு மனிதர் யாரும் அதை மறுபடி சரிபார்ப்பதில்லை. அப்படிப்பட்ட கருவி எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது, எந்தச் சொற்களில் சொல்கிறது என்ற மூன்றையும் ஒரு மனிதக் கண் படித்தே ஆக வேண்டும்.