அந்தப் பரிந்துரைக் கடிதம் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன விஷயத்தை அப்போதே பேசியிருப்பேன். உன்னைச் சுற்றி ஆட்கள் இருந்த சத்தம் கேட்டது. நாலு பேர் முன்னால் உன்னைக் கேள்வி கேட்பது முறையில்லை என்றுதான் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் படி.

மலையில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர் ஒருத்திக்குக் கீழே சாலையோர ஊரில் இடம் வாங்கித் தர எம்.எல்.ஏ.விடம் லெட்டர் கேட்கப் போவதாகச் சொன்னாய். "பாவம்க்கா, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல" என்றாய். பத்துப் பைசா வாங்காமல் செய்வதாகவும் சொன்னாய். நீ வாங்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த லெட்டர் வேண்டாம் தம்பி.

அவள் கேட்கிற இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரித்தாயா? அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தால், இவள் வருவதற்காக அவளைக் கிளப்ப வேண்டும். அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும். காலியாக இருந்தால், அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் அந்த இடத்தை எடுக்கலாம் என்று இவளைவிடப் பணிமூப்பு உள்ள ஒருத்தி வேறொரு மலையில் காத்துக்கொண்டிருப்பாள். உன்னைப் போல ஒரு அண்ணனை அவளுக்குத் தெரியாது. பணிமூப்புப் பட்டியலில் தன் பெயர் எத்தனையாவது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

இந்த இரண்டும் சரிப்படாதபோது ஆபீசில் கண்டுபிடித்து வைத்திருக்கும் மூன்றாவது வழிதான் மாற்றுப்பணி. ஆள் கீழே வேலை பார்ப்பாள், சம்பளம் மலைப் பணியிடத்தில் ஓடும். காகிதத்தில் மலை நிலையம் நிரம்பிய இடம். அதனால் கலந்தாய்வில் அதைக் காலி என்று காட்டவும் முடியாது, புதிதாக ஆள் போடவும் முடியாது. பக்கத்துச் செவிலியருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலையில் 3,000 பேருக்கே ஒன்று வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பது சும்மா இல்லை. அங்கே மூவாயிரம் பேரைப் பார்க்க நடக்க வேண்டிய தூரம் அப்படி. கூடுதல் பொறுப்புக்காரிக்கு இரண்டு நிலையமும் சேர்ந்து தலையில் விழும்.

நான் சமுதாய சுகாதார செவிலியராக இருந்தபோது இப்படி ஒரு நிலையம் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்தவளை ஒரு சிபாரிசின் பேரில் மாற்றுப்பணியில் இறக்கியிருந்தார்கள். கூடுதல் பொறுப்பு பார்த்தவள் புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு காலை பஸ்ஸில் ஏறுவாள், சாயங்கால பஸ்ஸில் இறங்குவாள். குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். தள்ளி இருக்கும் குடிசைகளுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்க முடியாது. அவர்களில் ஒருத்தி தலைச்சன் பிள்ளைக்காரி, எட்டாம் மாதம். தலைவலி, கண் மங்கல், முகமெல்லாம் வீக்கம். உடம்புச் சூடு என்று வீட்டில் மோர் கொடுத்திருக்கிறார்கள். அவள் அட்டையைப் பிறகு நான் பார்த்தேன். கடைசியாக ரத்த அழுத்தம் எழுதி ஏழு வாரம் ஆகியிருந்தது. 108 ஆம்புலன்ஸ் மேலே ஏறி வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை.

ஆய்வுக் கூட்டத்தில் அந்த நிலையம் நிரப்பப்பட்ட இடமாகவேதான் பட்டியலில் இருந்தது. கூடுதல் பொறுப்பு பார்த்தவளுக்கு மெமோ. சிபாரிசு செய்தவர் யாரென்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கே இன்றுவரை விஷயம் தெரிந்திருக்காது. ஒரு பெண்ணுக்கு நல்லது செய்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உன்னைப் போன்றவர்தான்.

செவிலியர் ஒரே ஊரில் சில வருஷம் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையதளத்தில் பதிவு போடுவதை யாரும் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள். எந்த வீட்டில் மாமியார் சொன்னால்தான் மருமகள் ஊசி போட்டுக்கொள்வாள், யார் மூன்று மாதம் வரை கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், எந்தப் பெண் இரும்புச் சத்து மாத்திரையை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவிடுகிறாள், இதெல்லாம் பதிவேட்டில் இருக்காது. பிள்ளை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. முகம் தெரியாதவள் போனால் திண்ணையில் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள். தெரிந்தவள் போனால்தான் உள்ளே விட்டுத் துணியை விலக்கித் தொப்புளைக் காட்டுவார்கள். 2018–20 கணக்கில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. டாக்டர்களும் 108-ம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆபத்துள்ள கர்ப்பிணியை வீட்டிலேயே அடையாளம் கண்டு கீழே அனுப்பிய செவிலியர் இல்லாமல் அந்த 54 வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது இதைவிடக் கசப்பானது. இன்று ஒருத்திக்கு இடம் வாங்கித் தரும் அதே கை, நாளைக்கு இன்னொருத்தியின் இடத்தைப் பிடுங்கும். பதினெட்டு வயது ஆகாத ஒரு பெண் கர்ப்பமாக வந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், 2012 போக்சோ சட்டம் அப்படி. எங்கள் வட்டாரத்தில் ஒருத்தி அப்படித் தெரிவித்தாள். மாப்பிள்ளை வீட்டார் செல்வாக்கான குடும்பம். வயதை மாற்றி எழுதச் சொல்லி முதலில் கெஞ்சினார்கள், பிறகு மிரட்டினார்கள். அவள் மாற்றவில்லை. கொஞ்ச நாளில் மாவட்டத்தின் மறு எல்லைக்கு ஆர்டர் வந்தது. காரணம்: நிர்வாக நலன். தப்புச் செய்தாள் என்றால் 17-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். மாறுதலுக்கு அது ஒன்றும் வேண்டாம், ஒரு வரி போதும். தண்டனைக்குப் பதிலாக மாறுதல் போடுவது செல்லாது என்று 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாதச் சம்பளத்தில் பிள்ளை வளர்க்கிற செவிலியர் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? பேசாமல் போய் ஜாயின் பண்ணினாள். அதைப் பார்த்த மற்றவர்கள், சின்னப் பெண் வந்தால் வயதைக் கேட்கவே பயந்தார்கள். அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பெரிய அதிகாரிகளை நினைத்து வந்த தீர்ப்பு. துணை சுகாதார நிலையம் வரை அதன் காற்று வரவில்லை. கர்நாடகத்தில் மருத்துவ அலுவலர்கள், சுகாதாரப் பணியாளர்கள் மாறுதலுக்கென்றே 2011-இல் தனிச் சட்டம் போட்டார்கள். நம்மாலும் முடியாததில்லை. மருந்து வாங்குவதற்கு 1994-இல் தனிக் கழகம் அமைத்தோம், மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகின்றன. ஆள் எடுப்பதற்கு 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. மாறுதலில் மட்டும் லெட்டர்பேட் எதற்கு?

உன் வாசலில் வந்து நிற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மலைக் குவார்ட்டர்ஸில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் நிற்காது, இரவில் ஒற்றைப் பெண்ணாகப் படுக்க வேண்டும். கலந்தாய்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால், அவள் யாரிடம்தான் போவாள்? வெளிச் செல்வாக்கைக் கொண்டுவந்தால் நடத்தை விதிப்படி அவளுக்குத்தான் குற்றம் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வருகிறாள் என்றால் அந்த அளவுக்கு நொந்துபோயிருக்கிறாள். உன் லெட்டரில் இடம் வாங்கினாள் என்றால், நாளைக்கு உன் ஆள் ஒருவன் சொல்வதை அவளால் தட்ட முடியாது. வயதை மாற்றி எழுது என்றாலும் சரி, வேறெது என்றாலும் சரி. அவளை அந்த நிலையில் நிறுத்தாதே.

உனக்குச் செல்வாக்கு இருப்பதில் எனக்குப் பெருமைதான். அதை வைத்து எம்.எல்.ஏ.விடம் வேறு ஒன்று கேள். வருஷா வருஷம் குறித்த மாதத்தில் கலந்தாய்வு நடக்கட்டும். எல்லாக் காலிப் பணியிடங்களையும் முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும், ஒன்றைக்கூட ஒளித்துவைக்கக் கூடாது. நம் வட்டாரத்தில் எத்தனை பேர் மாற்றுப்பணியில் இருக்கிறார்கள், எந்த நிலையம் அதனால் பூட்டிக் கிடக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். மலையில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் ஊக்க மதிப்பெண் உண்டு. செவிலியருக்கும் மலையில் பார்த்த வருஷங்களுக்கு ஈடாக, அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் உரிமை கொடுக்கச் சொல். தொகுதி நிதியில் அந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குழாயும் கம்பிக் கதவும் போடச் சொல். இத்தனையில் ஒன்று நடந்தாலும் பல பேருக்கு உதவும், யாருடைய இடமும் பறிபோகாது.

அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பு. வீட்டுக்காரர் வேலைச் சான்றும் பிள்ளைகளின் படிப்புச் சான்றும் எடுத்துவரச் சொல். மாவட்ட சுகாதார அலுவலருக்கு முறையான வழியில் எப்படி மனு எழுதுவது என்று உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன், கலந்தாய்வு வரும்போது கூடவும் போகிறேன். அதுவரை மலையில் அவளுக்குத் தேவையானதை நீ செய்து கொடு. எம்.எல்.ஏ.விடம் பேசியாகிவிட்டது என்றால், நாளைக்கே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா