நிரம்பி வழிந்தது

பூவிருந்தவல்லியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பால்மாவு டப்பா இருந்தது. மூடியற்ற, பக்கங்கள் நேராக நிமிர்ந்த, அரையடி உயரத் தகர டப்பா. காற்றில் சாயாதிருக்க மூன்று செங்கற்களுக்கு நடுவே அதை நிறுத்தியிருந்தார் அப்பா. மேலே மரமும் கூரையும் கவியாத இடம் அது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அளவு தவறுவதை அவரால் பொறுத்துக்கொள்ளவே இயலாது.

மழைநாளில் காலை எட்டரை மணிக்கு இரும்பு அளவுகோலை டப்பாவில் இறக்குவார். நாட்டின் வானிலை நிலையங்களெல்லாம் மழையைக் கணக்கெடுக்கும் நேரம் அதுவே. டப்பா அகலமாயினும் குறுகலாயினும் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு; ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழுந்த ஒரு லிட்டர். பின்னர் முழத்துக்கு ஒன்றாக முடிச்சிட்ட கயிற்றைக் கிணற்றில் விடுவார். கடைசியாக, முருங்கையடி மண்ணைத் தோண்டிக் கையில் பிடித்துப் பார்ப்பார். "உருண்டை நின்றது" அல்லது "உதிர்ந்தது" என்று நோட்டில் எழுதுவார்.

எனக்கு இது கிழவரின் விளையாட்டாகவே தோன்றியது. ஒருமுறை சுவீடனின் வடகோடியிலுள்ள அபிஸ்கோ ஆய்வு நிலையத்தைப் பற்றிப் படித்தேன். பூர்ச்ச மரக்காடு முடிந்து, மரமற்ற குளிர்நிலம் தொடங்கும் எல்லை அது. அங்கே 1913 முதல் வானிலையைக் குறித்து வருகிறார்கள். பனியின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாதாம். ஆழ்ந்த பனி மண்ணுக்குக் கம்பளி போல் ஆகிவிடுவதால் மேலே காற்று உறைந்தாலும் கீழே மண் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே மண்ணின் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னேன்.

"பார்த்தாயா, அவர்களும் மண்ணைத் தொடாமல் விடவில்லை" என்றார். அன்று முழுதும் அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

நம்மிடமும் பழைய கணக்கு உண்டு. சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்காம் 1796-இலேயே வானிலையைக் குறிக்கத் தொடங்கினார். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1049 மில்லிமீட்டர் பெய்தபோது, 1918 நவம்பரின் 1088-ஐ அது எட்டவில்லை என்று சொல்ல முடிந்ததும் எவரோ விடாமல் எழுதி வைத்ததால்தான்.

அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் சென்றுகொண்டிருந்தது. எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். அரிசி மூட்டையையும் அம்மாவின் தையல் இயந்திரத்தையும் கட்டிலின்மேல் ஏற்றினோம். விடிந்ததும் அப்பா தண்ணீரில் இறங்கிக் கிணற்றடிக்குப் போனார். செங்கற்கள் தெரியவில்லை, டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது.

செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் என்று பிறகு அறிந்தோம். "பக்கத்து ஊர்தானே, அதையே எழுதிக்கொள்ளுங்கள்" என்றான் தம்பி. அப்பா மறுத்துவிட்டார். "அது அவர்கள் அளந்தது. நான் தூங்கிவிட்டேன்" என்றார். தம் வாழ்நாளின் மிகப் பெரிய மழைக்கு நேரே எண் எதுவும் இல்லை. "நிரம்பி வழிந்தது" என்ற இரண்டு சொற்களே இருக்கின்றன. அது அவரை எவ்வளவு வருத்தியது என்பதை, 2017-இல் அவர் மறைந்தபின் நோட்டைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன். அந்தப் பக்கத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

அதன்பின் எழுதுவது நானாயிற்று. 2019 ஜூனில் கயிற்றின் கடைசி முடிச்சும் காய்ந்தே மேலே வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் நீர் வந்தது. ஊரே வியந்தது. நான் அப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் பெய்யும் ஒரே மில்லிமீட்டர் மழை அது. அவர் நோட்டில் ஒரு மில்லிமீட்டர் நாட்கள் எத்தனையோ உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த இரவு நான் படுக்கவில்லை. குடையும் கைவிளக்குமாகக் கிணற்றடிக்குச் சென்றபோது மணி இரண்டு. டப்பா இன்னும் வழியவில்லை. அளந்து குறித்துக்கொண்டு, நீரைக் கவிழ்த்துவிட்டு, மீண்டும் செங்கற்களுக்கு நடுவே வைத்தேன். நான்கு மணிக்கு மறுபடியும் போனேன்.