நான் காணப் போகும் தீவுகள்

பிரயாணத்தில் மூன்று இன்பங்கள் உண்டு. போகப் போகிறோம் என்று எண்ணியிருப்பது ஒன்று, போவது ஒன்று, போய் வந்து பிறரிடம் சொல்லுவது ஒன்று. இவற்றுள் முதலாவதற்குக் காசு கொடுக்க வேண்டுவதில்லை. கடற்கொந்தளிப்பால் அது கெடுவதுமில்லை. சென்ற நான்கு மாதங்களாக அவ்வின்பத்தையே நான் அனுபவித்து வருகிறேன். எனினும், அதனுள்ளும் ஒரு முள் இருப்பதை அண்மையில் உணர்ந்தேன். அதனை வாசகர்களிடம் சொல்ல விரும்பியே இதனை எழுதுகிறேன்.

வருகிற செப்டம்பர் மாதத்தில் நானும் என் கணவரும் கிரேக்க நாடு சென்று, ஏதென்ஸ் நகருக்குத் தென்கிழக்கேயுள்ள லாவ்ரியோ துறைமுகத்தில் ஒரு சிறு கப்பலில் ஏறி, ஏழு நாட்கள் சில தீவுகளைச் சுற்றி வரப் போகிறோம். அக்கப்பலில் நாற்பது பேருக்கு மேல் இடமில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்குச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் தன் சேமிப்பிலிருந்து அளித்த பரிசு இது. செலவை எண்ணி நான் தயங்கியபோது, "அம்மா, மற்றவர் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தீர்களே, அதில் ஒரு துளியையேனும் நீங்கள் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் மறுப்பதற்கு என்னிடம் சொல் இல்லை.

என் கணவருக்கோ வேறொரு குறை. "போவதுதான் போகிறோம், ஊரெல்லாம் படத்தில் பார்க்கும் சாண்டோரினித் தீவுக்கே போகலாகாதா? திரும்பி வந்தால் நாலு பேருக்குப் பெயராவது தெரியுமே!" என்றார். கிரேக்க நாட்டுக்குச் சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய 6,000 தீவுகள் இருப்பதாகவும், அவற்றுள் 227-இல் மட்டுமே மக்கள் வாழ்வதாகவும் சொல்லுகிறார்கள். அப்படியிருந்தும் உலகத்தாரின் கால்கள் ஒரு சில தீவுகளையே மிதிக்கின்றன. கூட்டம் மிகுந்து போனதால், பெருங்கப்பல்களில் வந்து சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் இறங்குவோரிடம் கோடைக் காலத்தில் தலைக்கு 20 யூரோ வரி வாங்கும் முறையை அந்நாட்டு அரசாங்கம் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கானோரை ஏற்றி வரும் பெருங்கப்பல் சிறு துறைகளை அணுக முடியாது. எங்கள் சிறு கப்பலோ மீன்பிடி படகுகளின் பக்கத்திலேயே போய் நிற்கும். இதனைச் சொல்லித்தான் என் கணவரை இணங்கச் செய்தேன்.

எங்கள் வழியில் செரிபோஸ், போலெகாண்ட்ரோஸ், அமோர்கோஸ் ஆகிய தீவுகள் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மெல்டெமி என்னும் வறண்ட வடகாற்று அக்கடலில் மூர்க்கமாய் வீசும். செப்டம்பரில் அதன் வேகம் தணியத் தொடங்கும். அப்பொழுதுங்கூடக் காற்றைப் பார்த்தே மாலுமித் தலைவர் வழியை முடிவு செய்வாராம். இன்ன நாளில் இன்ன தீவு என்று உறுதி கூற முடியாதாம். நேர அட்டவணைக்கு அடங்கியே ஆயுளைக் கழித்த எனக்கு இந்த உறுதியின்மையும் ஓர் இன்பமாகவே தோன்றுகிறது.

கப்பல் என்ற சொல் எங்கள் குடும்பத்தில் இதுவரை இன்பத்தைக் குறித்ததில்லை. என் பாட்டனார் 1927-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். மேல்தளத்தில், ஆட்டு மந்தைபோல் நெருங்கிக் கிடந்த கூட்டத்தில், ஒரு பாயும் தகரத் தட்டுமாகக் கடலைக் கடந்தார். அதன்பின் அவர் உயிரோடிருந்தவரை கடற்கரைப் பக்கமே போனதில்லை. என் தாயார் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நாங்கள் இருந்த தோட்டத்துக்கும் கடலுக்கும் பன்னிரண்டு மைல்தான். அந்தப் பன்னிரண்டு மைலைக் கடந்து ஒருமுறை கடலைப் பார்த்துவர அவருக்கு ஓர் ஓய்வு நாள் வாய்க்கவில்லை. ஆகவே, இன்பத்துக்காகக் கப்பலேறுவோர் எங்கள் குலத்தில் நானே முதலாவதாக இருக்கிறேன். இதில் பெருமையும் உண்டு. ஒரு கூச்சமும் உண்டு.

இனி அந்த முள்ளைப் பற்றிச் சொல்லுகிறேன். கப்பல்காரர்கள் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல் வருகிறது: அமைதி. அமைதியான துறை, அமைதியான தெரு, அமைதியான மலைப்பாதை. அச்சொல்லில் நானும் மயங்கியிருந்தேன். அக்காலத்தில் ஒரு நாள், நான் பிறந்த தோட்டத்தைப் பார்த்து வரலாம் என்று போனேன். லயங்கள் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகளாயின. அங்கே குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டு, பட்டணத்து அடுக்கு வீடுகளில் சிதறிப் போனார்கள். பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. பெரட்டுக் களம் இருந்த இடம் இன்னதென்று தெரியவில்லை. நான் அரிச்சுவடி படித்த பள்ளிக்கூடத்தின் சிமெண்டுப் படி மூன்று மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அப்பொழுது மிதிவண்டியில் உல்லாசமாக வந்த இளைஞர் சிலர் அவ்விடத்தில் இறங்கி நின்று இளைப்பாறினர். அவர்களுள் ஒருவர், "எவ்வளவு அமைதியான இடம்!" என்று வியந்தார். அவர்மீது குற்றமில்லை, அவர் கண்டதைச் சொன்னார். ஆனால் அந்த அமைதி, எண்பது குடும்பங்களின் குரலை அப்புறப்படுத்திய பிறகு மிஞ்சிய அமைதி என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

வீட்டுக்கு வந்ததும் விளம்பரப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். "இந்தத் தீவுகள் ஏன் அமைதியாக இருக்கின்றன?" என்ற கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் படிக்கலானேன்.

போலெகாண்ட்ரோஸ் ஓர் அழகிய குன்றுத் தீவு. 1936-ஆம் ஆண்டு மெட்டாக்ஸாஸ் என்பவரின் சர்வாதிகாரம் தொடங்கிய பின், அரசாங்கத்துக்கு வேண்டாதவர்களைக் கொண்டுபோய் விட்ட தீவுகளுள் அதுவும் ஒன்று. அமோர்கோஸில் செங்குத்தான பாறையோடு ஒட்டிக் கடலுக்கு மேலே தொங்குவதுபோல் நிற்கும் மடம் 11-ஆம் நூற்றாண்டிலிருந்து புகழ் பெற்றது. ஆயினும் அத்தகைய வறண்ட தீவுகளின் மக்கள் பலர் பிழைப்புத் தேடி ஏதென்ஸுக்கும், அமெரிக்காவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிப் போய்விட்டனர். அவர்களுக்கும் கப்பல் என்றால் இன்பப் பொருளாக இருந்திராது.

என்னை உலுக்கியது செரிபோஸின் கதை. பெட்டியில் அடைத்துக் கடலில் விடப்பட்ட ஒரு தாயும் சேயும் கரையொதுங்கிய தீவு என்று கிரேக்கரின் புராணம் அதனைக் கூறும். அக்குழந்தையே பெர்சியூஸ் என்னும் வீரன்; அவர்களைக் கரையேற்றிக் காத்தவன் ஒரு மீனவன். புராணம் நிற்க. சரித்திர காலத்தில் அத்தீவின் தென்மேற்குப் பக்கத்தில் இரும்புக் கனிமச் சுரங்கங்கள் இருந்தன. ஜெர்மானியக் குடும்பமொன்று அவற்றை நடத்தியது. நீண்ட நேர வேலையும், பாதுகாப்பற்ற சுரங்கமும், அற்பக் கூலியும் தொழிலாளருக்குக் கிடைத்தவை. 1916-ஆம் ஆண்டு ஸ்பேராஸ் என்னும் அத்தீவுக்காரரின் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டு, ஆகஸ்டு மாதத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. மெகாலோ லிவாடி என்னும் துறையில் காத்திருந்த கப்பலில் கனிமம் ஏற்ற அவர்கள் மறுத்தபோது காவற்படையினர் சுட்டனர். தொழிலாளர் நால்வர் மாண்டனர். பெண்களும் சேர்ந்து கல்லெடுத்துப் போராடினர். காவற்படையினரிலும் சிலர் உயிரிழந்தனர். பின்னாளில் சுரங்கங்கள் மூடப்பட்டன. கனிமம் ஏற்றிய இரும்புப் பாலம் துருப்பிடித்துக் கடல்மேல் நீண்டு நிற்கிறது. மாண்ட நால்வருக்கும் அங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அத்தீவில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 1,400 பேரே. புத்தகம் புகழ்ந்த அமைதியின் பின்னே இவ்வளவும் இருக்கிறது.

இதனை நான் உரக்கப் படித்துக் காட்டியபோது என் கணவர் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தகப்பனார் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் இருந்தவர். 1941-ஆம் ஆண்டு அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அங்கும் துப்பாக்கிதான் விடை சொன்னது. என் மாமனார் அவ்வாண்டில் வேலை இழந்து ஊர் ஊராய் அலைந்தவர். சற்று நேரம் கழித்து என் கணவர், "செரிபோஸில் நமக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். "ஒரு பகற்பொழுது" என்றேன். "கப்பல் நிற்பது மறுபக்கத்துத் துறையிலன்றோ? வாடகை வண்டி பிடித்தாவது அந்தப் பாலத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்றார். அதன்பின் அவர் சாண்டோரினியின் பெயரை எடுக்கவில்லை.

இவ்வளவும் அறிந்த பிறகு, அத்தீவுகளுக்கு இன்பப் பயணமாய்ப் போவது தகுமா என்று சிலர் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். தகும் என்பதே என் முடிவு. துக்கம் விசாரிக்க மட்டும் நான் போகவில்லை. நீலக் கடலையும், வெள்ளை வீடுகளையும், கரைக் கடைகளில் சுட்ட மீனையும் காணும் ஆசை எனக்குச் சிறிதும் குறையவில்லை. அங்கு எஞ்சியிருப்போரில் பலர் வந்து போவோரால்தான் பிழைக்கின்றனர். நாம் போகாமலிருப்பது அவர்களுக்குச் செய்யும் உபகாரமாகாது. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்குவது அறையும் உணவுமே. அமைதி விற்பனைப் பொருளன்று. அதன் விலையை வேறு யாரோ முன்பே கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கேட்டறிவது போகிறவரின் கடமையாகும்.

பேத்தியோடு உட்கார்ந்து சில கிரேக்கச் சொற்களைப் படித்து வருகிறேன். காலை வணக்கத்துக்குக் 'கலிமேரா', நன்றிக்கு 'எஃபகரிஸ்தோ'. அவற்றைவிட என் மனத்தில் பதிந்த சொல் 'க்சேனோஸ்'. பழைய கிரேக்கத்தில் அச்சொல் ஒன்றே அயலானையும் விருந்தினனையும் குறித்தது. நம் 'விருந்து' என்ற சொல்லுக்கும் புதுமை என்பது பழம்பொருள் அன்றோ? புதிதாய் வருபவனே விருந்தினன். கடலுக்கு அப்பால் ஒரு மொழியும் நம் மொழியும் இவ்விடத்தில் ஒத்து நிற்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் விருந்தினன் வீட்டுக்காரரின் நலம் விசாரித்த பின்னரே இலையில் உட்கார வேண்டும்.

என் தாயார் காணாத கடலை நான் காணப் போகிறேன். மகள் வாங்கித் தந்த புதுப் பெட்டியில் அவருடைய பழைய கைத்தறித் துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். பால் வெட்டப் போகும்போது அவர் தலையில் கட்டியது அது. மேல்தளத்தில் வெயிலுக்கு அதையே கட்டிக்கொள்வதாக இருக்கிறேன். கப்பல் புறப்பட இன்னும் நாற்பத்தாறு நாட்கள் உள்ளன.