மொடியூல் வேண்டப் போன கதை

போன மாரியில எங்கட ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்துப்போனது. மூன்று மாதமாக நாங்கள் ஸ்கான் பண்ணின பழைய பத்திரிகைகளும் அதோட போச்சுது. சிலதைத் திரும்பவும் ஸ்கான் பண்ணலாம். சிலதின்ர தாள் இனி விரிச்சாலே உடைஞ்சுபோகும். அதுக்குப் பிறகுதான் இரண்டாவது பிரதி வேறொரு கட்டடத்தில இருக்க வேணும் எண்டு முடிவெடுத்தோம்.

அந்தக் கட்டடம் 450 மீற்றர் தள்ளி. கமராவுக்கெண்டு எப்போதோ போட்ட பைபர் கேபிள் ஒன்று இரண்டுக்கும் நடுவில சும்மா கிடந்தது. இரண்டு பக்கமும் ஸ்விட்ச் இருந்தது. குறைஞ்சது மொடியூல் மட்டும்தான். விரலளவு சின்னச் சாமான்; மின் சைகையை ஒளியாக்கி அனுப்பும், வாற ஒளியைத் திரும்ப மின்னாக்கும். ஆளுக்கு 3000 ரூபா போட்டு, 10 கிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் இரண்டு பழசாக வேண்டினோம். '10' எண்ட இலக்கம் போதுமெண்டு நினைச்சோம்.

கொழுவினோம். லைற் எரியேல்லை. ஒருத்தன் கேபிள் நுனியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோக, பைபர் வேலை செய்யிற அண்ணா ஒருவர் கத்தியே விட்டார். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியாததால கண் தானாக மூடாது. உள்ள போய்ச் சுட்டாலும் விளங்காது.

பிறகு கேட்டார்: "பிள்ளையள், கேபிளின்ர நிறத்தைப் பாத்தனீங்களோ?"

மஞ்சள். மஞ்சள் எண்டால் வழமையாகச் சிங்கிள் மோட். அதன் நடுவில ஒளி போற பாதை ஏறத்தாழ 9 மைக்ரோமீற்றர்தான். நாங்கள் வேண்டினது எஸ்ஆர். இழுக்கிற கொழுவி கறுப்பு. அது 850 நனோமீற்றர் ஒளி, 50 மைக்ரோமீற்றர் பாதையுள்ள மல்டிமோட் கேபிளுக்கெண்டு செய்தது. சரியான கேபிள் இருந்திருந்தாலும் ஓஎம்3 எண்டால் 300 மீற்றர், ஓஎம்4 எண்டால் 400. எப்படிப் பாத்தாலும் எங்கட 450க்குக் காணாது. எங்களுக்குத் தேவைப்பட்டது நீலக் கொழுவிக்காரன், எல்ஆர்: 1310 நனோமீற்றர், சிங்கிள் மோடில 10 கிலோமீற்றர்.

பட்ட பிறகு பயம் வந்தால் எல்லாரும் பெரிசாத்தான் யோசிப்பம். "அப்ப 40 கிலோமீற்றர் போற ஈஆர் வேண்டினால் பிரச்சினையே இல்லைத்தானே?" எண்டு கேட்டோம். அதுவும் பிழை. தூரத்துக்கெண்டு செய்த பலமான ஒளியைக் கிட்ட இருந்து நேரே அடிச்சால் மற்றப் பக்கத்து வாங்கி திணறும், பழுதாகவும் கூடும். ஒளியைக் குறைக்கிற அற்றெனுவேற்றர் வேறு போட வேணும். காசையும் கூடக் குடுத்து, வெளிச்சத்தையும் மறைக்க வேண்டிவரும்.

பெரிய டேட்டா சென்ரர்களிலயும் இதே கதைதான். 100 கிகாபிட் மொடியூல் இரண்டு, பாக்க ஒரே பெட்டி. எஸ்ஆர்4 நாலு இழையில அனுப்பி நாலு இழையில வாங்கும். ஓஎம்4 கேபிளில 100 மீற்றர்தான். எல்ஆர்4 நாலு அலைநீளத்தை ஒரே இழையில சேர்த்து அனுப்பி, இன்னொரு இழையில வாங்கும். 10 கிலோமீற்றர் போகும். வேகம் ஒண்டு, போற வழி வேற.

அண்ணா கடைசியாகக் கேட்ட கேள்விதான் எங்களைச் சுட்டது. "உங்கட டிஸ்க் எவ்வளவு வேகமா எழுதும்?" கணக்குப் பாத்தோம். செக்கனுக்கு 150 மெகாபைற். அதாவது 1.2 கிகாபிட். 10 கிகாபிட் லிங்க் போட்டாலும் டிஸ்க் அங்கதான் நிண்டிருக்கும்.

கடைசியில 1 கிகாபிட் எல்எக்ஸ் ஒரு சோடி வேண்டினோம். அதுவும் 1310, சிங்கிள் மோட். எங்கட ஸ்விட்ச்சின்ர எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் 1 கிகாபிட்டையும் ஏற்கும். எல்லா ஸ்விட்ச்சும் ஏற்காது, பாத்து வேண்ட வேணும். பச்சை லைற் எரிஞ்சுது. எங்களிட்ட இருந்த 2 டெராபைற்றும் ஒரு இரவுக்குள்ள மற்றக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்ப ஒவ்வொரு நாளும் புதுசாக ஸ்கான் பண்ணினது மட்டும்தான் போகுது.

கறுப்புக் கொழுவி இரண்டும் இன்னும் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. புதுசாக வாற ஆக்களுக்கு அதைத்தான் முதலில காட்டுறம். என்ன கேபிள், எவ்வளவு தூரம், உன்ர மெசின் எவ்வளவு தாங்கும். இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் விலையைக் கேட்க வேணும். போன மூன்று மாதம் திரும்பி வராது. இனிப் போறது ஒன்றும் ஒரே இடத்தில மட்டும் இருக்காது.