நிழலும் கல்லெழுத்தும்

வெளியூர்க் கோயில்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "பரம திருப்தி" என்பார்கள். எதனால் என்று விசாரித்தால், தங்கிய அறை சுத்தம், காப்பி நயம், வண்டி நிறுத்த இடம் கிடைத்தது என்று பட்டியல் வரும். இவையெல்லாம் வேண்டியவைதாம். தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத இடத்தில் சிற்பத்தை ரசிக்க யாருக்கு மனம் வரும்? ஆனால், வந்தவர் என்ன தெரிந்துகொண்டு திரும்பினார் என்பது இந்தக் கணக்கில் சேருவதில்லை.

போன சித்திரையில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். காலை பத்து மணிக்கே வெளிப்பிராகாரம் தோசைக்கல்லாகக் காய்ந்துவிட்டது. ஒரு குடும்பம் கால் பொறுக்காமல் ஓடி வந்து விமானத்தின் மேற்குப் பக்கத்து நிழலில் நின்றது. கூட வந்த வழிகாட்டி அவர்களை அங்கேயே நிறுத்திவைத்துக்கொண்டு, "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழவே விழாது, சார்!" என்றார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எட்டு வயதுச் சிறுமி மட்டும் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

"அப்போ இது எதோட நிழல்ப்பா?"

"சும்மா இரு. மாமா சொல்றாரில்ல?" என்றார் தகப்பனார்.

வழிகாட்டியை நான் நோகமாட்டேன். வந்தவர்கள் ஆச்சரியப்பட்டால்தான் அவருக்கு நாலு காசு சேரும். வெயில் நேர் உச்சிக்கு வரும் நாட்களில் நண்பகல் நிழல் அகன்ற அடிப்பாகத்துக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து கிளம்பிய கதை அது.

ஆனால் உண்மையான ஆச்சரியம் பக்கத்துச் சுவரிலேயே இருந்தது. தான் கொடுத்ததையும், தன் அக்காள் குந்தவை கொடுத்ததையும், தன் தேவிமாரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லிலே வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்டிருக்கிறான். இன்னொரு கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுடையது என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறது. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். கட்டிய பெருந்தச்சன் பெயரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் இவற்றைப் படித்து அச்சிடும்வரை, கோயிலைக் கட்டியது கரிகாலன் என்று தல புராணம் சொல்லிக்கொண்டிருந்தது!

அந்தச் சிறுமியைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினேன். 'ட'வும் 'ப'வும் அவளுக்கே அடையாளம் தெரிந்தன. "இது தமிழா, மாமா?" என்றாள். அடுத்த எழுத்தைத் தேட ஆரம்பித்தாள். தகப்பனாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். வண்டிக்கு நேரமாகிறது என்று வழிகாட்டி இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது.

1987-ல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பெருமைதான். வருகிறவர்களுக்கு நல்ல அறையும் நல்ல காப்பியும் கொடுப்போம். அத்தோடு, வழிகாட்டிகளுக்கு இந்த எழுத்துகளைக் கற்றுக்கொடுத்து, பொய் சொல்லாமலே பிழைக்கும்படி சம்பளமும் கொடுத்தால் என்ன? நானூறு பெண்களின் வீட்டைக்கூட மறக்காமல் கல்லில் எழுதிவைத்தான் ஓர் அரசன். அதை வாசித்துக் காட்ட நாலு பேரைத் தயார் செய்வது நம்மால் ஆகாத காரியமா?