அன்னாசி, எலுமிச்சை, கொஞ்சம் ரம்

முன் டிஸ்கி: குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். குடிப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

போன டிசம்பர் கடைசியில் பிரமோஷனோடு அகர்தலாவில் தூக்கிப் போட்டார்கள். மகள் ப்ளஸ் ஒன். பள்ளியை மாற்ற முடியாது என்பதால் தங்கமணியும் மகளும் மதுரையில். நான் மட்டும் இரண்டு பெட்டியோடு இங்கே வந்து இறங்கினேன். டிசம்பரில் இந்த ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பேங்க் முடிந்து ஏழரைக்கு வீட்டுக்கு வந்தால் நடுராத்திரி மாதிரி இருக்கும். டிவியில் புரியாத சீரியல். சமையலுக்கு அலுப்பு. ஒரு ஓல்ட் மங்க் வாங்கி வைத்தேன், குளிருக்கு என்று. 'எப்பவாவது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் இருவரும் பத்து நாள் லீவுக்கு வந்தார்கள். வந்த மறுநாளே சிங்க்குக்குக் கீழே சாக்குப்பையில் இருந்த காலி பாட்டில்களைத் தங்கமணி எடுத்து வரிசையாக வைத்துவிட்டாள். பதினொன்று. திட்டவில்லை. "என்னங்க, நீங்கதானே கணக்குல புலி? இது எத்தனை நாளைக்குன்னு நீங்களே போட்டுச் சொல்லுங்க" என்றாள்.

போட்டேன். 750 மில்லியை 60-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை லார்ஜ். பதினொரு பாட்டிலுக்கு நூற்று முப்பத்தேழரை. நான் இங்கே வந்து சுமார் நூற்றைம்பது நாள். பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எத்தனையோ பேருடைய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை நம்பாமல் குடோனுக்கே போய் எண்ணியவன் நான். என் ஸ்டாக்கை எண்ண ஆள் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் மகாராஜ்கஞ்ச் பஜாருக்குப் போனோம். ஆனாரஸ் குவிந்து கிடந்தது. நம் அன்னாசியும் இவர்களுடைய ஆனாரஸும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'அனனாஸ்' என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள்தான். திரிபுராவில் இரண்டு ரகம். கியூ பெரியது, சாறு அதிகம். குயீன் சின்னது, முள் அதிகம், ஆனால் வெட்டினால் தங்க நிறம், வீடு முழுக்க மணம். குயீனுக்கு 2015-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2018-ல் மாநிலப் பழமாகவே அறிவித்துவிட்டார்கள். அன்னாசியைப் பறித்த பிறகு அதில் இனிப்பு ஏறாது என்பதால் வாங்கும்போதே அடிப்பக்கம் முகர்ந்து பார்த்து வாங்கவேண்டும். ஆறு பழம் வாங்கினோம்.

மீதியிருந்த கால் பாட்டில் ரம்மை சிங்க்கில் கொட்டப் போனேன். "கொட்டிட்டு நாளைக்கு இன்னொண்ணு வாங்குவீங்க. அதுக்கு வேலை வைங்க" என்றாள். எங்கள் ஒப்பந்தம் இப்படித்தான் உருவானது. சனிக்கிழமை மட்டும். ஒன்று மட்டும். பழம் கையால் வெட்டினால் மட்டும். டப்பா ஜூஸ் செல்லாது.

செய்முறை சொல்கிறேன். குயீனுக்குக் கண் ஆழம். தோலைச் சீவிவிட்டு, கண்கள் போகும் சாய்வு வரிசையிலேயே கத்தியால் வாய்க்கால் வெட்டி எடுக்கவேண்டும். நேராக வெட்டினால் பாதிப் பழம் குப்பைக்குப் போய்விடும். சின்னத் துண்டாக்கி மிக்சியில் அடித்து வடிகட்டினால் ஒரு பழத்துக்கு ஒரு டம்ளர் தேறும். நாக்கு அரிப்பது புரதத்தைக் கரைக்கும் புரோமெலைன் என்ற நொதியால். அம்மா துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டு எடுப்பாள். நான் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பு போடுகிறேன். எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழியவேண்டும், தோல் நசுங்காமல், இல்லையென்றால் கசக்கும். ரம் 60 மில்லி, அன்னாசி 90, எலுமிச்சை 15, சர்க்கரைப் பாகு ஒரு டீஸ்பூன், நிறைய ஐஸ். ஷேக்கருக்கு எங்கே போவது? மூடி போட்ட எவர்சில்வர் தூக்குதான். கை மரத்துப்போகும் வரை குலுக்கினால் அன்னாசி வெள்ளையாக நுரைத்து மேலே நிற்கும்.

இதில் தேங்காய் சேர்த்தால் பினா கொலாடா ஆகிவிடும். அது 1954-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஒரு ஓட்டல் பாரில் பிறந்தது என்பார்கள். ஓல்ட் மங்க்கும் அதே வருடத்துப் பிறவிதான். தேங்காய் இல்லாத என்னுடையது கியூபாவின் டைக்கிரிக்குச் சொந்தம்: ரம், எலுமிச்சை, சர்க்கரை. அங்கே வெள்ளை ரம் ஊற்றுவார்கள். நம் கறுப்பு ரம்மின் வெனிலா வாசம் அன்னாசியோடு நன்றாகவே சேர்கிறது.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பழம் சேர்ந்ததால் ரம் குறைந்துவிடுவதில்லை. 42.8 சதவீதம் அப்படியேதான் உள்ளே போகிறது. இனிப்பில் காரம் தெரியாததால் இன்னொன்று கேட்கும். தண்ணீரில் கலப்பதைவிட இது ஆபத்து. இதில் உள்ள ஒரே நல்லது, ஒன்றைச் செய்து முடிக்க நாற்பது நிமிடம் ஆகிறது என்பதுதான்.

அன்றைக்கு மகளுக்கும் தங்கமணிக்கும் ரம் இல்லாமல் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். மகள் மூன்று டம்ளர் குடித்தாள். பாட்டில்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜூன் முதல் வாரம் புது பாட்டில் திறந்தேன். ஒப்பந்தப்படி பன்னிரண்டு வாரம் தாண்டவேண்டும். பத்தாவது வாரமே தீர்ந்தது. இரண்டரை லார்ஜ் இடிக்கிறது. யார் எடுத்தது என்று விசாரணைக் கமிஷன் வைக்கத் தேவையில்லை. போனில் தங்கமணியிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எந்தக் கிழமை?" என்று கேட்டாள்.

இன்று சனிக்கிழமை. மத்தியானத்திலிருந்து மழை. சீசன் முடிந்துவிட்டது. பஜாரில் ஆனாரஸ் இல்லை. மூலைக் கடையில் டப்பா ஜூஸ் இருந்தது, பார்த்தேன். எலுமிச்சை மட்டும் நாலு வாங்கிக்கொண்டு வந்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, எலுமிச்சை சாதத்துக்குக் கடலைப்பருப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.